சின்ன லெப்டொப்பில் விஎம் அமைப்பது: மலையகப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்துகொண்டே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாலைந்து பிள்ளைகள் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிட்டேன். விஎம் என்றால் வேர்ச்சுவல் மெசின். லெப்டொப்பில் ஏற்கெனவே இருக்கும் இயங்குதளத்தை ஹோஸ்ட் என்றும், அதற்குள் விஎம்மாக ஓடுவதை கெஸ்ட் என்றும் சொல்கிறேன்.

அண்ணே, விஎம் எதுக்கு? நேரா விண்டோஸிலேயே எல்லாத்தையும் போட்டால் என்ன?

போடலாம். மூன்று மாதத்தில் இரண்டு வகை டேட்டாபேஸ், மூன்று பதிப்பு பைதன், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு சேவை எல்லாம் சேர்ந்து லெப்டொப் முக்கத் தொடங்கும். விஎம் என்பது கணினிக்குள் இன்னொரு கணினி. அதற்கென்று தனி டிஸ்க், தனி நினைவகம், தனி இயங்குதளம். உள்ளே என்ன உடைத்தாலும் வெளியே ஒன்றும் ஆகாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் எழுதும் வெப் அப் கடைசியில் ஓடப்போவது பெரும்பாலும் லினக்ஸ் சேர்வரில். விண்டோஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் கணக்கில்லை, லினக்ஸில் உண்டு. வீட்டில் ஓடியது சேர்வரில் விழுவதற்குப் பல நேரம் இவ்வளவுதான் காரணம். விஎம்மில் சோதித்திருந்தால் வீட்டிலேயே பிடிபட்டிருக்கும்.

என்னிடம் இருப்பது 8 ஜிபி ரேம். ஓடுமா?

ஓடும், ஆசையைக் குறைத்துக்கொண்டால். விண்டோஸ் 11 சும்மா நிற்கும்போதே 3 ஜிபி அளவுக்குத் தின்றுவிடும். ப்ரவுசரும் எடிட்டரும் சேர்ந்தால் இன்னும் இரண்டு. மிச்சத்தைப் பார்த்துத்தான் கெஸ்ட்டுக்குக் கொடுக்க வேண்டும். என் கணக்கு: ரேம் 2 ஜிபி, சிபியூ 2, டெஸ்க்டொப் இல்லாத, கட்டளை எழுதியே வேலை செய்யும் லினக்ஸ். 4 கோர் உள்ள லெப்டொப்பில் நாலையும் கெஸ்ட்டுக்குக் கொடுக்காதீர்கள். ஹோஸ்ட்டும் கெஸ்ட்டும் ஒன்றையொன்று காத்து நின்று, குறைவாகக் கொடுத்ததைவிட மெதுவாகத்தான் ஓடும்.

கெஸ்ட்டுக்குள் அழகான டெஸ்க்டொப் வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். வேண்டாம். எடிட்டர் ஹோஸ்ட்டில் இருக்கட்டும். எஸ்எஸ்எச் (இன்னொரு கணினிக்குள் கட்டளை வழியாக நுழையும் முறை) வழியாக உள்ளே போய் வேலை செய்யுங்கள். விஎஸ் கோடில் அதற்கென்றே ஒரு நீட்சி இருக்கிறது. உண்மையான சேர்வரிலும் இப்படித்தான் வேலை செய்யப்போகிறீர்கள்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால், ரேமுக்கு முன்னால் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். விஎம் திறக்கும் நேரத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

எந்த சொப்ட்வெயார் நல்லது?

ஆரம்பத்துக்கு வேர்ச்சுவல்பொக்ஸ். இலவசம், விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் ஓடும், எந்தப் பிழைச்செய்தியைத் தேடினாலும் யாராவது பதில் எழுதியிருப்பார்கள். அதோடு தனியாக வரும் எக்ஸ்டென்ஷன் பெக் மட்டும் சொந்தப் பாவனைக்குத்தான் இலவசம். கம்பனி லெப்டொப்பில் யோசிக்காமல் போடாதீர்கள். விஎம்வெயார் வேர்க்ஸ்டேஷன் புரோவுக்கு முன்பு காசு கட்ட வேண்டும். 2024 நவம்பரில் இருந்து எல்லோருக்கும் இலவசம். விண்டோஸின் சொந்த விஎம் மென்பொருளான ஹைப்பர்-வி, புரோ பதிப்பிலும் அதற்கு மேலும்தான் வரும். ஹோஸ்ட்டே லினக்ஸ் என்றால் கேவிஎம் எடுங்கள். 2007 முதல் லினக்ஸின் கருவான கேர்னலிலேயே இருக்கிறது.

விஎம் தொடங்கவே மாட்டேங்குது. இல்லாவிட்டால் ஆமை மாதிரி ஊருது.

தொடங்கவில்லை என்றால் முதலில் டாஸ்க் மனேஜரைத் திறந்து, செயற்றிறன் பக்கத்தில் சிபியூவைப் பாருங்கள். வேர்ச்சுவலைசேஷன் என்று ஒரு வரி இருக்கும். அது அணைந்திருந்தால் பயோஸுக்குள் (லெப்டொப் தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) போக வேண்டும். இன்டெல் மெசினில் விடி-எக்ஸ் அல்லது இன்டெல் வேர்ச்சுவலைசேஷன் டெக்னொலொஜி, ஏஎம்டியில் எஸ்விஎம். அதைப் போட்டுச் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். வேறு எதிலும் கை வைக்காதீர்கள்.

ஊர்கிறது என்றால், ஆமை என்று விளையாட்டுக்குச் சொன்னாலும் அது உண்மை. வேர்ச்சுவல்பொக்ஸ் ஜன்னலின் கீழ் மூலையில் பச்சை ஆமைப் படம் ஒன்று தெரிந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி ஏற்கெனவே சிபியூவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, வேர்ச்சுவல்பொக்ஸ் அதற்கு மேல் ஏறி ஓடுகிறது என்று அர்த்தம். டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி), டொக்கர் டெஸ்க்டொப் (மென்பொருளைத் தனித்தனிக் கொள்கலனில் ஓட்டும் கருவி), விண்டோஸ் பாதுகாப்பில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி, எதைப் போட்டிருந்தாலும் இது நடக்கும். வேர்ச்சுவல்பொக்ஸா, இவையா என்று ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். டொக்கர் கட்டாயம் வேண்டும் என்றால் டபிள்யூஎஸ்எல்லோடேயே இருந்துவிடுவது நிம்மதி.

உள்ளே எந்த லினக்ஸ்? டேட்டா போதாதே அண்ணே.

உபுண்டு டெஸ்க்டொப்பை நிறுவ இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் 6 ஜிபி அளவில் வரும். சேர்வர் பதிப்பு அதில் பாதி. டெபியன் நெட் இன்ஸ்டோல் 1 ஜிபிகூட இல்லை. தேவையானதை மட்டும் பிறகு இறக்கும். இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் நள்ளிரவுக்குப் பிறகு போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஷா-256 எண்ணை (கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபார்க்காமல் நிறுவ வேண்டாம். மழைக்குச் சிக்னல் அறுந்து அறுந்து இறங்கிய கோப்பை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தொலைத்திருக்கிறோம்.

நிறுவின பிறகும் டேட்டா ஒழுகும். உபுண்டு தானாகவே பாதுகாப்புப் புதுப்பிப்புகளை இறக்கும், ஸ்னெப் என்ற மென்பொருள் பொதிகளும் தானாகப் புதுப்பிக்கும். அவற்றை நிறுத்தி, வாரம் ஒரு நாள் நீங்களே கையால் செய்யுங்கள். நிறுத்திவிட்டு மறந்துபோனால் அது என் குற்றம் இல்லை. மூன்று நாலு விஎம் வைத்திருந்தால் ஒன்றில் இறக்கியதைச் சேமித்துவைத்துப் பகிரும் ஆப்ட்-கேஷர்-என்ஜியை நிறுவி, மற்றவற்றை அதன் 3142 ஆம் போர்ட்டுக்குத் திருப்பிவிடுங்கள். ஒரு மென்பொருள் பொதி ஒரு தடவைதான் மலை ஏறும். பிறகு எல்லாரும் அங்கிருந்தே எடுத்துக்கொள்வார்கள்.

டிஸ்க் எவ்வளவு கொடுக்கலாம்?

25 ஜிபி, டைனமிக் வகை. கொடுத்த உடனே 25 ஜிபி போய்விடாது. உள்ளே எழுத எழுதத்தான் வெளியே கோப்பு வளரும். ஆனால் உள்ளே அழித்தால் வெளியே சுருங்காது. காலியிடத்தைப் பூச்சியத்தால் நிரப்பி, பிறகு வேர்ச்சுவல்பொக்ஸின் கொம்பெக்ட் கட்டளையைக் கொடுத்தால்தான் சுருங்கும்.

விஎம்மில் ஓடுகிற வெப்சைட்டை என் போனில் திறக்க முடியவில்லை.

வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் இந்தக் கேள்வியோடுதான் வந்தார்கள். காரணம், நம்மில் பலருக்கு ரவுட்டர் கிடையாது. போனின் ஹொட்ஸ்பொட்டுதான் நெட்வேர்க்.

வேர்ச்சுவல்பொக்ஸில் கெஸ்ட்டுக்கு வழக்கமாகக் கிடைப்பது நாட் (என்ஏடி) முறை, கெஸ்ட் லெப்டொப்பின் முகவரிக்குப் பின்னால் நின்று வெளியே போகும். கெஸ்ட்டின் முகவரி 10.0.2.15, அதன் கண்ணுக்கு உங்கள் லெப்டொப் 10.0.2.2. உள்ளே இருந்து வெளியே போகலாம், வெளியே இருந்து உள்ளே வர முடியாது. லயத்து வீட்டுக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டது மாதிரி. பிரிட்ஜ்ட் முறைக்கு மாற்றினால் கெஸ்ட்டும் தனிக் கணினியாக வெளியே தெரியும் என்று எல்லாப் பாடத்திலும் எழுதியிருக்கும். வீட்டு ரவுட்டரில் சரி. போன் ஹொட்ஸ்பொட்டில் பல நேரம் வேலை செய்யாது, ஏனென்றால் வைஃபை ஒரு இணைப்புக்கு ஒரு கருவிதான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறது.

அதனால் நாட் முறையையே வைத்துக்கொண்டு போர்ட் ஃபோர்வேர்டிங் செய்யுங்கள். ஹோஸ்ட்டின் 8080 ஐ கெஸ்ட்டின் 80க்கும், 2222 ஐ 22க்கும் திருப்புங்கள். ஹோஸ்ட் முகவரி என்ற கட்டத்தை வெறுமையாக விடுங்கள், அதில் 127.0.0.1 போட்டால் லெப்டொப்புக்கு மட்டும்தான் திறக்கும். பிறகு போனில் லெப்டொப்பின் முகவரியை எழுதி 8080 ஐச் சேர்த்துத் திறங்கள்.

இன்னும் வரவில்லையா? உங்கள் அப் கெஸ்ட்டுக்குள் 127.0.0.1 இல், அதாவது கெஸ்ட்டுக்குள் இருந்து வருவதை மட்டும், கேட்டுக்கொண்டிருக்கும். அதை 0.0.0.0 ஆக்குங்கள். அதற்கும் வரவில்லை என்றால் விண்டோஸ் ஃபயர்வோல். இந்த மூன்றையும் தாண்டி நான்காவது காரணம் வந்ததை நான் இதுவரை பார்த்ததில்லை.

எழுதின கோட் எல்லாவற்றையும் ஹோஸ்ட்டும் கெஸ்ட்டும் பகிரும் ஷெயார்ட் ஃபோல்டரில் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் வருத்தப்படுவீர்கள். முதலில் கெஸ்ட் அடிஷன்ஸ் (கெஸ்ட்டுக்குள் போடும் வேர்ச்சுவல்பொக்ஸின் துணை மென்பொருள்) நிறுவ வேண்டும், பயனரை வீபொக்ஸ்-எஸ்எஃப் குழுவில் சேர்க்க வேண்டும், ஒரு தடவை வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். அவ்வளவும் செய்த பிறகு என்பிஎம் இன்ஸ்டோல் (ஜாவாஸ்க்ரிப்ட் பொதிகளை நிறுவும் கட்டளை) கொடுத்தால் சிம்லிங்க் (வேறு கோப்பைக் காட்டும் குறுக்குவழி) உருவாக்க முடியாமல் விழும், விழாவிட்டாலும் ஊரும். கோட் கெஸ்ட்டுக்குள்ளேயே இருக்கட்டும். கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வழியாக வெளியே தள்ளுங்கள். விண்டோஸில் தொட்ட ஸ்க்ரிப்ட் லினக்ஸில் ஓடாமல் விசித்திரமாகப் பிழை காட்டினால், வரி முடிவுக் குறியைப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு.

ஸ்னப்ஷொட் எடுத்தால் பெக்கப் தேவையில்லையே?

ஸ்னப்ஷொட் என்பது விஎம்மின் அந்த நேர நிலையைப் பிடித்துவைப்பது. அதை பெக்கப் என்று நம்பி நான் வெட்கப்பட்ட கதையைச் சொல்கிறேன். கொழும்பில் ஒரு செயல்விளக்கம். லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போகச் சோம்பல், அங்கேயே கணினி இருக்கிறதே என்று விஎம்மின் டிஸ்க்கான விடிஐ கோப்பை மட்டும் பென் ட்ரைவில் போட்டுக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறிவிட்டேன். அங்கே போய்த் திறந்தால் மூன்று வாரத்துக்கு முந்திய மெசின்! அதற்குப் பிறகு செய்த எதுவும் இல்லை.

நடந்தது இதுதான். முதல் ஸ்னப்ஷொட் எடுத்த நிமிடத்திலேயே அசல் டிஸ்க் கோப்பு உறைந்துவிடும். அதன் பிறகு எழுதுவதெல்லாம் ஸ்னப்ஷொட்ஸ் என்ற ஃபோல்டரில் உள்ள வித்தியாசக் கோப்புகளுக்குத்தான் போகும். நான் தாயை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை ஹட்டனில் விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

விஎம்மை இடம் மாற்ற வேண்டும் என்றால் எக்ஸ்போர்ட் கொடுத்து ஓவிஏ கோப்பாக எடுங்கள். இப்போதைய நிலை முழுசாக ஒன்றாகி வரும், ஸ்னப்ஷொட்டுகள் வராது. பென் ட்ரைவ் ஃபெட்-32 இல் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் உள்ள கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபெட்டுக்கு மாற்றுங்கள்.

ஸ்னப்ஷொட் எதற்கு நல்லது என்றால், சோதனைக்கு. சுத்தமாக நிறுவின உடனே ஒன்று எடுத்துப் பெயர் வையுங்கள். உங்கள் மென்பொருளை நிறுவிப் பாருங்கள், உடைத்துப் பாருங்கள், ஒரு சொடுக்கில் சுத்தமான இடத்துக்குத் திரும்புங்கள். ஆனால் பதினைந்து இருபது என்று சேரவிடக் கூடாது. சங்கிலி நீள நீள டிஸ்க் நிரம்பும், வேகம் குறையும். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற மாதிரி அவ்வப்போது பழையதை வெட்டிவிடுங்கள். ஸ்னப்ஷொட்டை அழித்தால் இப்போதைய நிலை அழியாது, கோப்புகள் ஒன்றோடு ஒன்று சேரும். அந்த நேரத்தில் டிஸ்க்கில் கொஞ்சம் காலியிடம் இருக்க வேண்டும்.

கரண்ட் போனால்?

போகும். சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானம் தாண்டினால் இடி நிச்சயம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்க இருண்டதே, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாகச் சொன்னார்கள், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பட்டரி செத்த லெப்டொப்போடு வந்திருந்த தம்பி பாதி நிறுவலில் நின்றுவிட்டான்.

பட்டரி நல்லதாக இருந்தால் பயமில்லை. கரண்ட் போனதும் விஎம் ஜன்னலை மூடுங்கள். கேட்கும் மூன்று வழியில் 'மெசின் நிலையைச் சேமி' என்பதைத் தெரிவு செய்யுங்கள். ரேமில் இருப்பதெல்லாம் டிஸ்க்குக்குப் போகும். கரண்ட் வந்து திறந்தால் கர்சர் விட்ட வரியிலேயே நிற்கும். திறந்தவுடன் கெஸ்ட்டின் கடிகாரத்தை மட்டும் பாருங்கள். அது பின்தங்கியிருந்தால் லொகின் டோக்கனும் சான்றிதழும் காரணமே இல்லாமல் பிழை காட்டும். கெஸ்ட் அடிஷன்ஸ் இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும்.

பட்டரி இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு அமைப்பு. ஸ்டோரேஜ் பக்கத்தில் 'ஹோஸ்ட் ஐ-ஓ கேஷ்' என்ற பெட்டி. டிக் போட்டால் வேகம் கூடியது மாதிரித் தெரியும். ஆனால் கெஸ்ட் 'எழுதியாச்சு' என்று நம்பும் தரவு ஹோஸ்ட்டின் நினைவகத்திலேயே நின்றுகொண்டிருக்கலாம், கரண்ட் போனால் போனதுதான். சாட்டா கொன்ட்ரோலரில் வழக்கமாக அணைந்தே இருக்கும். அப்படியே விடுங்கள். இடி கேட்டால் சார்ஜரைக் கழற்றுங்கள், அதற்கு விளக்கம் தேவையில்லை.

ஒரு விஎம்மை குளோன் பண்ணினேன். இரண்டுக்கும் ஒரே ஐபி வருது!

நாட் முறையில் ஒவ்வொரு விஎம்முக்கும் 10.0.2.15 வருவது வழக்கம், அது பிழையில்லை. பிரிட்ஜ்டில் இப்படி வந்தால், குளோன் செய்யும்போது நெட்வேர்க் அட்டையின் மெக் முகவரியைப் புதிதாக உருவாக்கச் சொன்னீர்களா? சொன்ன பிறகும் உபுண்டு சேர்வரில் இது வரும். அது ஐபி கொடுக்கும் டிஎச்சிபியிடம் தன்னை அறிமுகப்படுத்துவது மெக்கை வைத்து அல்ல, மெசின்-ஐடி என்ற கோப்பை வைத்து. குளோனில் அந்தக் கோப்பும் அப்படியே வந்திருக்கும். அதை வெறுமையாக்கி மறுபடி தொடங்குங்கள்; புதிது உருவாகும். ஹோஸ்ட் பெயரையும் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள்.

விஎம்மில் எல்லாம் வேகமா ஓடுது. பாவிக்கிற ஆட்களுக்கு அப்படி இல்லையே?

இதைக் கேட்ட தங்கச்சிக்கு அன்றைக்கே சொன்னேன், நீ சோதனை வேலைக்கே வந்துவிடு என்று.

கொழும்பு அலுவலகத்தில் ஃபைபர். அங்கே எழுதின படிவம் ஒன்று எனக்குச் சோதிக்க வந்தது. 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தினால் அரை செக்கனில் முடிந்துவிடும், அங்கே எல்லாருக்கும் சரி. நான் கெஸ்ட்டுக்குள் நெட்வேர்க்கைக் கட்டுப்படுத்தும் டீசி கட்டளையின் நெட்-எம் வசதியால் 800 மில்லிசெக்கன் தாமதமும் நூற்றுக்கு மூன்று பொதி (நெட்வேர்க்கில் போகும் தரவுத் துண்டு) இழப்பும் போட்டேன். பொகவந்தலாவைப் பக்கம் மலைச்சரிவில் ஒரு கோடு சிக்னலில் இருப்பவரின் நிலைமை ஏறக்குறைய அதுதான். பொத்தானை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? மறுபடி அழுத்தினேன். மறுபடியும். டேட்டாபேஸில் ஒரே விண்ணப்பம் மூன்று வரியாக உட்கார்ந்திருந்தது.

நெட்-எம் கெஸ்ட்டில் இருந்து வெளியே போகும் பொதிகளைத் தாமதிக்கும், மறுபடி தொடங்கினால் மறந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை. இழப்பை மட்டும் அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள், எஸ்எஸ்எச்சும் அதே வழியாகத்தான் வருகிறது. வேர்ச்சுவல்பொக்ஸிலேயே அலைவரிசையைக் கட்டுப்படுத்தும் வசதியும் இருக்கிறது, ஆனால் அதுவும் விஎம் அனுப்புவதை மட்டுமே கட்டுப்படுத்தும்.

கெஸ்ட்டுக்கு ரேமைக் குறைத்துக் கொடுங்கள் என்று மேலே சொன்னதற்கும் இது இன்னொரு நியாயம். வாடகைக்கு எடுக்கும் மலிவான சேர்வரிலும் 1 ஜிபி, 2 ஜிபிதான் கிடைக்கும்.

நேர வலயம் கொல்கத்தா என்று வைத்தால் என்ன? அதுவும் ஐந்தரைதானே?

இன்றைக்கு ஒன்றுதான், இரண்டும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். பழைய திகதிகளில் இல்லை. இலங்கை 1996 மே 25 இல் ஆறரைக்குப் போய், அதே வருடம் ஒக்டோபர் 26 இல் ஆறுக்கு இறங்கி, 2006 ஏப்ரல் 15 இல்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. இந்தக் கதை முழுவதும் 'ஏசியா கொழும்பு' வலயத்துக்குள் இருக்கிறது.

2000 மார்ச் 10 இல் பிறந்த ஒருவரை எடுங்கள். கொழும்பு வலயத்தில் நள்ளிரவு 00:00 என்று சேமித்தால் யூடிசியில் 9 ஆம் திகதி 18:00. அதை கொல்கத்தா வலயத்தில் காட்டினால் 9 ஆம் திகதி 23:30. பிறந்த நாள் ஒரு நாள் முந்திவிட்டது! கெஸ்ட்டை யூடிசியில் வைத்து, காட்டும்போது கொழும்புக்கு மாற்றுங்கள். பிறந்த திகதியை நேரமில்லாத வெறும் திகதியாகச் சேமிப்பது அதைவிட நல்லது.

சோதனைத் தரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்ப் பெயர்களைப் போட்டுப் பாருங்கள். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 20 பைட் இடத்தில் ஆறு குறியீடுதான் அடங்கும். அதிலும் 'கொ' என்ற ஒரே எழுத்துக்கு இரண்டு குறியீடு. குடும்பப் பெயர் கட்டாயம் என்று படிவம் கேட்டால், தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் உள்ள நம் ஆட்கள் என்ன போடுவார்கள்? அடையாள அட்டை எண்ணில் ஒன்பது இலக்கமும் எழுத்தும் உள்ள பழையது, பன்னிரண்டு இலக்கப் புதியது இரண்டையும் கொடுங்கள். பெண்களுக்கு அதில் உள்ள நாள் எண்ணோடு (வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது) 500 கூடும் என்பதை மறக்காத புரோகிராமரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

டொக்கர் இருக்கும்போது விஎம் பழைய கதை இல்லையா?

டொக்கர் கொள்கலன் ஹோஸ்ட்டின் கேர்னலையே பகிர்ந்துகொள்ளும், அதனால்தான் லேசு. விண்டோஸில் லினக்ஸ் கொள்கலன் ஓட்ட வழக்கமாகப் பாவிப்பது டபிள்யூஎஸ்எல் 2, அதுவே ஒரு விஎம்தான். பாதி ரேம் வரை எடுத்துக்கொள்ளும். அதன் அமைப்புக் கோப்பில் எல்லை போடலாம். கேர்னல், ஃபயர்வோல், நிறுவி, மறுதொடக்கம், வேறு இயங்குதளம் என்று சோதிக்க விஎம்தான் வேண்டும். நான் பெரும்பாலும் விஎம்முக்குள் டொக்கர் வைத்திருக்கிறேன்.

மெக்புக் வாங்கினால்?

ஆப்பிள் சிப் உள்ளது என்றால் ஆர்ம் வகை லினக்ஸை இறக்குங்கள். எக்ஸ்-86 ஐஎஸ்ஓவை எமுலேஷனில் ஓட்டலாம், ஆனால் அந்த வேகத்தில் ஒரு நாள் கொழுந்து எடுத்து முடித்துவிடலாம். ஆப்பிளின் உரிமப்படி மெக்ஓஎஸ் ஆப்பிள் கணினிக்கு மேல்தான் ஓட வேண்டும், அதனால் விண்டோஸ் லெப்டொப்பில் அதை விஎம்மாகப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள்.

வேண்டாத விஎம்மை அழித்துவிட்டேன், ஆனால் டிஸ்க் இன்னும் நிரம்பியே இருக்கு.

'நீக்கு' என்று கொடுக்கும்போது இரண்டு வழி கேட்கும். ஒன்று பட்டியலில் இருந்து மட்டும் எடுக்கும். மற்றது கோப்புகளையும் சேர்த்து அழிக்கும். நீங்கள் முதலாவதை அழுத்தியிருப்பீர்கள். உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் வேர்ச்சுவல்பொக்ஸ் விஎம்ஸ் என்ற இடத்தில் பாருங்கள், அப்படியே இருக்கும். அழிப்பதற்கு முன் கிட்டுக்கு எல்லாம் போய்விட்டதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.